‘டிஷெவல்டு’ என்ற ஆங்கிலப் பெயரடை: பொருளும் பயன்பாடும்

‘டிஷெவல்டு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘அலங்கோலமான’ என்று பொருள் கண்டு, பிள்ளைகள் விளையாடி முடித்தபின் அறையை அலங்கோலமாக விட்டுச் சென்றதைச் சொல்ல ‘த சில்ட்ரன் லெஃப்ட் த ரூம் டிஷெவல்டு’ என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘மெஸ்ஸி’, ‘அன்டைடி’, ‘அன்கெம்ப்ட்’ ஆகியவற்றிலிருந்து இச்சொல் எவ்வாறு வேறுபடுகிறது, இதை எப்படி உச்சரிப்பது என்பவையும் உங்கள் கேள்வியில் உள்ளன. முதலில் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அதைப் படித்தால் நீங்கள் நினைத்தது அவருக்குப் போய்ச் சேராது. பிள்ளைகள் தலை கலைந்து, சட்டை வெளியே தொங்க, அந்தக் கோலத்தோடு அறையைவிட்டு வெளியேறினார்கள் என்றுதான் அவர் புரிந்துகொள்வார்.

இதற்குக் காரணம் அந்தச் சொல்லின் இயல்பிலேயே இருக்கிறது. ‘டிஷெவல்டு’ என்ற பெயரடை தனக்கு உரிய ஆளாக ஒரு மனிதரைத் தேடும். வாக்கியத்தில் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அறையும் இருக்கிறது என்றால், அது அறையை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் போய் ஒட்டிக்கொள்ளும். ‘லெஃப்ட்’ என்ற வினைக்கு ‘இன்ன நிலையில் விட்டுவைத்தார்கள்’ என்றும் ‘வெளியேறினார்கள்’ என்றும் இரண்டு பொருள்கள் இருப்பதால் வாக்கிய அமைப்பும் அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. அதே இடத்தில் ‘அன்டைடி’ என்று எழுதிப் பாருங்கள். இப்போது அந்தச் சொல் அறையைப் பற்றியதாகிவிடும். இன்னும் இயல்பாக எழுத வேண்டுமானால் ‘லெஃப்ட் த ரூம் இன் எ மெஸ்’ என்பதே பேச்சிலும் எழுத்திலும் எல்லாரும் கையாளும் தொடர். ஒரே பெயரடையை மாற்றியதும் வாக்கியத்தின் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் உள்ள உறவே மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு சொல்லுக்கு அகராதி தரும் ஒற்றைச் சொல் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு வாக்கியம் அமைப்பதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

‘டிஷெவல்டு’ என்பதன் இன்றைய பொருளை விரித்துச் சொன்னால் இப்படி வரும்: ஒருவருடைய தலைமுடியோ உடையோ அல்லது இரண்டுமோ, இருந்த ஒழுங்கிலிருந்து அல்லது இருந்திருக்க வேண்டிய ஒழுங்கிலிருந்து கலைந்து, அதனால் அவருடைய தோற்றம் முழுவதுமே குலைந்து தெரிகிற நிலை. இந்த விளக்கத்தில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. இச்சொல்லின் இடம் மனித உடல் என்பது ஒன்று. அந்த உடலுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே பயணம் செய்து வந்தவர், பலத்த காற்றில் ஓடி வந்தவர், கைகலப்பிலிருந்து விலக்கிவிடப்பட்டவர், நள்ளிரவில் கதவு தட்டப்பட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர், தீயிலிருந்து மீட்கப்பட்டவர் ஆகிய அனைவரையும் ஆங்கில எழுத்தாளர் தயக்கமின்றி ‘டிஷெவல்டு’ என்பார். நடந்ததை அவர் சொல்லாமலே கூட விட்டுவிடலாம். அந்த ஒரு சொல்லைப் படித்ததும் வாசகர் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார். இதுவே இச்சொல்லின் உண்மையான வலிமை என்பது என் கருத்து. ‘அலங்கோலமான’ என்ற மொழிபெயர்ப்பு இந்த வலிமையைக் காட்டுவதில்லை. நேற்று முதல் அப்படியே கிடக்கும் மேசையையும் அலங்கோலம் என்கிறோம், போரில் தோற்ற படையையும் அலங்கோலம் என்கிறோம்.

சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் மனித உடலோடு, அதிலும் குறிப்பாகத் தலைமுடியோடு, அதற்கு ஏன் இத்தனை நெருக்கம் என்பது புலப்படும். இலத்தீனில் தலைமுடிக்குக் ‘காபில்லுஸ்’ என்று பெயர். இலத்தீன் சொற்களின் தொடக்கத்தில் வரும் ககர ஒலி பிரெஞ்சுக்கு வரும்போது பல இடங்களில் முதலில் சகரமாகி, பிறகு ஷகரமாகத் திரிந்தது. தலையைக் குறித்த ‘காபுட்’ என்ற சொல் ‘ஷெஃப்’ ஆனதும் (சமையலறைத் தலைவரை இன்று நாம் அழைக்கும் சொல் அதுதான்), பாடுதலைக் குறித்த ‘காந்தாரே’ என்ற சொல் ‘ஷான்தே’ ஆனதும் இந்தத் திரிபினால்தான். அவ்வழியிலேயே ‘காபில்லுஸ்’ பழைய பிரெஞ்சில் ‘செவெல்’ என்று ஆயிற்று. பிரிந்து விலகுவதைக் குறிக்கும் ‘தெஸ்’ என்ற முன்னொட்டு அதனோடு சேர்ந்து, கட்டியிருந்த முடியை அவிழ்த்துவிடுவது என்ற பொருளில் ஒரு வினைச்சொல் பிறந்தது. அதன் எச்ச வடிவமே ஆங்கிலத்துக்குள் நுழைந்து, இன்று ‘டிஷெவல்டு’ என்று நிற்கிறது. உடலில் முடி போன்று மெல்லியதாக ஓடும் இரத்த நாளங்களுக்கு ‘கேப்பிலரி’ என்று பெயர் வந்ததும் அதே இலத்தீன் வேரிலிருந்துதான். தமிழில் தந்துகி என்று நாம் படித்த அந்த நாளமும், காற்றில் தலை கலைந்து வந்து நிற்கும் ஆளும் ஆங்கிலச் சொற்குடும்பத்தில் உறவினர்கள் என்பது சற்று வேடிக்கைதான்.

ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில் இச்சொல்லுக்கு அலங்கோலம் என்ற பொருள் இல்லை. தலையில் முக்காடோ தொப்பியோ இல்லாமல், அல்லது முடியைக் கட்டாமல், விரித்துத் தொங்கவிட்டிருப்பதே அதன் பொருளாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாஸர் எழுதிய காண்டர்பரி கதைகளின் முன்னுரைப் பகுதியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்கும் ஒருவர் வருகிறார். அவர் ஒரு தொப்பியைத் தவிரத் தலையில் வேறு எதுவும் அணியாமல் ‘டிஷெவல்டு’ ஆகக் குதிரையில் வந்தார் என்பது கவிஞரின் கூற்று. இன்றைய பொருளைக் கொண்டு படித்தால் பரட்டைத் தலையோடு ஒருவர் வந்ததாகத் தோன்றும். ஆனால் சில வரிகளுக்கு முன்புதான் அவருடைய முடி மெழுகைப் போல மஞ்சள் நிறமாகவும், சீவி எடுத்த சணல் நாரைப் போல வழுவழுப்பாகவும் தொங்கியதாகக் கவிஞர் சொல்லியிருக்கிறார். அதுதான் புதிய நாகரிகம் என்ற நினைப்பில் அவர் அப்படி வந்தார் என்ற கேலியும் அங்கே இருக்கிறது. முடி வழுவழுப்பாக இருக்கிறது, ஆள் பெருமையோடு வருகிறார், இருந்தும் அவர் ‘டிஷெவல்டு’. அப்படியானால் அச்சொல் அன்று ஒழுங்கின்மையைச் சுட்டவில்லை, கட்டவிழ்த்த நிலையை மட்டுமே சுட்டியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதற்கு ஏறத்தாழ 270 ஆண்டுகள் கழித்து, 1667இல் வெளிவந்த மில்டனின் இழந்த சொர்க்கத்திலும் இதே பொருள் நீடிக்கிறது. நான்காம் பகுதியில் ஏவாளை முதன்முதலாக நமக்குக் காட்டும்போது, அவளுடைய அணி புனையாத பொன்னிறக் கூந்தல் ஒரு திரையைப் போல இடைவரை ‘டிஷெவல்டு’ ஆக வழிந்தது என்று கவிஞர் பாடுகிறார். பாவம் என்பதே இன்னும் நுழையாத தோட்டத்தில், குறையே இல்லாத முதல் பெண்ணைப் பற்றிய வருணனை அது. அங்கே அலங்கோலத்துக்கு இடமே இல்லை. பழைய இலக்கியத்தில் இச்சொல்லைக் காணும்போதெல்லாம் இன்றைய அகராதிப் பொருளைக் கொண்டுபோய் ஒட்டினால் கவிதையே தலைகீழாகிவிடும்.

அவிழ்ந்த முடி எப்படிக் கலைந்த முடியாயிற்று என்பதை ஊகிப்பது கடினமன்று. வளர்ந்த பெண்கள் வெளியிடங்களில் முடியைக் கட்டி மூடிக்கொள்வது ஒழுங்காகக் கருதப்பட்ட சமூகத்தில், அவிழ்ந்த முடி என்பது துயரத்துக்கோ அச்சத்துக்கோ அவசரத்துக்கோ அடையாளமாகத்தான் பெரும்பாலும் கண்ணில் பட்டிருக்கும். அடையாளமே மெல்ல மெல்லப் பொருளாயிற்று. முடியிலிருந்து உடைக்கும், உடையிலிருந்து ஆளின் முழுத் தோற்றத்துக்கும் சொல் பரவியது. இன்று தலைமுடி ஒழுங்காக இருந்து உடை மட்டும் குலைந்திருந்தாலும் ஒருவரை ‘டிஷெவல்டு’ எனலாம். ‘டிஷெவல்டு ஹேர்’ என்று எழுதினால், வேர்ப்பொருளின்படி முடி என்பது இருமுறை வருகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையை நான் பொருட்படுத்தமாட்டேன். வேர்ப்பொருளை நினைவில் வைத்துக்கொண்டு யாரும் பேசுவதில்லை. மேலும் அந்தத் தொடர்தான் இச்சொல் மிகுதியாக வழங்கும் இடங்களுள் முதன்மையானது.

உச்சரிப்புக்கான விடையும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. எழுத்துகள் டி, ஐ, எஸ், ஹெச், ஈ, வி, ஈ, எல், எல், ஈ, டி என்ற வரிசையில் வருகின்றன. ‘டிஸ்ஆனஸ்ட்’, ‘டிஸ்ஹார்ட்டன்’ போன்ற சொற்களைக் கண்டு பழகிய கண், இங்கும் ‘டிஸ்’ என்ற முன்னொட்டைத் தனியாகப் பிரித்து ‘டிஸ்-ஹெவல்டு’ என்று படிக்கத் துடிக்கும். அது தவறு. நடுவில் இருக்கும் எஸ், ஹெச் என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து ஒரே ஷகர ஒலியைத் தருகின்றன. தலைமுடியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் முதல் ஒலியே அது. ஆகவே ‘டி-ஷெ-வல்டு’ என்று மூன்று அசைகளாகப் பிரித்து, நடு அசையான ‘ஷெ’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் அசையை அழுத்தினால் சொல் காதில் விழாமலே போய்விடும். அமெரிக்க ஆங்கிலத்தில் இரண்டு எல்லுக்குப் பதிலாக ஒரே ஒரு எல் போட்டு எழுதுவார்கள். ‘டிராவல்டு’, ‘கேன்சல்டு’ போன்றவற்றிலும் அதே வேறுபாடுதான். உச்சரிப்பில் மாற்றம் இல்லை. எந்த முறையை எடுத்துக்கொண்டாலும் கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றினால் போதும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். இச்சொல்லோடு மிக எளிதாகக் குழம்புவது ‘அன்கெம்ப்ட்’ என்பதே. உங்கள் பட்டியலில் உண்மையில் நெருக்கமான போட்டி இவை இரண்டுக்கும் நடுவில்தான். சீப்பைக் குறிக்கும் ‘கோம்ப்’ என்ற சொல்லோடு பிறந்தது ‘கெம்ப்ட்’. ஆகவே சீவப்படாத என்பது ‘அன்கெம்ப்ட்’ என்பதன் முதற்பொருள். ஒன்று அவிழ்ந்ததைச் சொல்கிறது, மற்றொன்று சீவாததைச் சொல்கிறது என்ற அந்தப் பழைய வேறுபாடு இன்றைய பயன்பாட்டிலும் மறையவில்லை. சீவிய தலை கலைந்தால் ‘டிஷெவல்டு’. பல நாள்களாகச் சீவாமலே விட்டால் ‘அன்கெம்ப்ட்’. முன்னதில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, பின்னதில் கவனிப்பின்மை இருக்கிறது. மணமேடைக்கு வேண்டிய அளவு அலங்கரித்துக்கொண்ட ஒருவர்கூட மழைக்காற்றில் ஐந்து நிமிடம் நின்றால் ‘டிஷெவல்டு’ ஆகிவிடுவார். ஆனால் ஐந்து நிமிடத்தில் யாரும் ‘அன்கெம்ப்ட்’ ஆக முடியாது. கவனிப்பாரற்ற தாடியையும், வெட்டப்படாமல் வளர்ந்த புல்வெளியையும், பராமரிப்பில்லாத தோட்டத்தையும் ‘அன்கெம்ப்ட்’ என்று சொல்வது முற்றிலும் இயல்பு; கவனிப்பை எதிர்பார்த்து நிற்கும் எதற்கும் அச்சொல் பொருந்தும்.

தலைமுடியைப் பற்றியே பேசும் இன்னொரு சொல் ‘டவுசல்டு’. பிடித்து இழுப்பது, அளைவது என்ற பொருள் கொண்ட பழைய வினையிலிருந்து வந்த இது, கை அளைந்ததுபோல் கலைந்த முடியைக் குறிக்கும். இதில் குறை சொல்லும் தொனி அநேகமாக இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் தலையைச் சொல்ல இதுவே பொருத்தம். உடையில் சுருக்கம் விழுந்திருப்பதை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘ரம்பிள்டு’ அல்லது ‘க்ரம்பிள்டு’ போதும். நனைந்து, சேறு பட்டு, முடியும் உடையும் உடலோடு ஒட்டிக் கிடந்தால் ‘பிட்ராகிள்டு’. உடை பழசாகித் தேய்ந்திருந்தால் ‘ஷாபி’. அதில் வறுமையின் சாயல் உண்டு. நன்றாகத் தேய்த்து மடித்துக் கட்டிய உடையும் ‘ஷாபி’ ஆக இருக்க முடியும் என்பதால் அதற்கும் கலைதலுக்கும் தொடர்பில்லை. ‘ஸ்க்ரஃபி’ என்பது பேச்சு வழக்கில் வருவது, பொடுகைக் குறித்த ஒரு சொல்லின் வழித்தோன்றல். நண்பரையோ தெருநாயையோ பாதிச் செல்லமாக அப்படிச் சொல்வதுண்டு.

‘ஸ்லவென்லி’ என்ற சொல்லிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். தோற்றத்தைச் சொல்வதுபோல் தொடங்கி, அது ஆளின் ஒழுக்கத்தைத் தீர்ப்புச் சொல்லிவிடும். ஒருவர் சோம்பேறி, எதிலும் அக்கறை இல்லாதவர், அது அவருடைய பழக்கம் என்ற மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. அதனால்தான் ஒருவரின் வேலையையும், மொழிநடையையும், சிந்தனையையும்கூட ‘ஸ்லவென்லி’ என்று கண்டிக்க முடிகிறது. ‘டிஷெவல்டு’ அப்படிப்பட்டதன்று. அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லும். ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. விபத்தில் சிக்கியவரை ‘டிஷெவல்டு’ என்றால் அது வருணனை. அவரையே ‘ஸ்லவென்லி’ என்றால் அது கொடுமை.

‘அன்டைடி’, ‘மெஸ்ஸி’ என்ற இரண்டும் பொதுச்சொற்கள். நேரத்தைக் குறித்த ‘டைட்’ என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது ‘டைடி’. உரிய காலத்தில் அமைந்தது என்று தொடங்கிய அதன் பொருள் பிற்பாடுதான் உரிய இடத்தில் ஒழுங்காக அமைந்தது என்று மாறியது. எனவே பொருள்கள் தத்தம் இடத்தில் இல்லாத எந்த நிலையும் ‘அன்டைடி’: அறை, மேசை, கையெழுத்து, தலைமுடி எதற்கும் வரும். ‘மெஸ்ஸி’ இன்னும் அகலமானது. ‘மெஸ்’ என்பது முதலில் தட்டில் வைக்கப்பட்ட ஒரு வேளை உணவையும், பிறகு சேர்ந்து உண்ணும் கூட்டத்தையும் குறித்தது. விடுதியிலும் படைமுகாமிலும் சாப்பிடும் இடத்தை நாம் மெஸ் என்று சொல்வது அந்தப் பழம்பொருளின் எச்சம். கலந்து பிசைந்த உணவு என்ற வழியில் குழப்பம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. உணவோடு பிறந்ததாலோ என்னவோ, ‘மெஸ்ஸி’ என்பதில் ஒட்டுவது, வழிவது, கறைபடுவது என்ற உணர்வு இன்றும் இருக்கிறது. சிந்திச் சிதறிச் சாப்பிடும் குழந்தையை ‘மெஸ்ஸி ஈட்டர்’ என்பார்கள். ‘அன்டைடி ஈட்டர்’ என்பது அத்தனை இயல்பாக வராது. அதோடு, மன வேதனையும் வழக்குமாக இழுபடும் மணமுறிவை ‘மெஸ்ஸி டிவோர்ஸ்’ என்றும், விடுபாடும் முரண்பாடும் மிகுந்த தரவை ‘மெஸ்ஸி டேட்டா’ என்றும் சொல்வது நிலைபெற்ற வழக்கு. இந்த இரண்டு இடங்களிலும் ‘டிஷெவல்டு’ நுழையவே முடியாது. தலையும் உடையும் இல்லாத ஒன்று கலைந்து நிற்பதை நம்மால் காண முடியாதல்லவா?

அறைக்கு எந்தச் சொல் என்று கேட்டதற்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். ஒழுங்கில்லை என்றால் ‘அன்டைடி’, குப்பையும் கறையும் சிதறலுமாகக் கிடந்தால் ‘மெஸ்ஸி’, பொருள்கள் அளவுக்கு மிஞ்சி அடைந்துகிடந்தால் ‘க்ளட்டர்டு’, அழுக்கே பிரச்சினை என்றால் ‘டர்ட்டி’. கடைசிச் சொல்லை மற்றவற்றோடு கலக்காதீர்கள். புத்தகங்கள் இறைந்து கிடக்கும் அறை துடைத்து வைத்த கண்ணாடியைப் போலச் சுத்தமாகவும் இருக்கலாம். எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்ட அறை தூசி படிந்து ‘டர்ட்டி’ ஆகவும் இருக்கலாம். ஆனால் படுக்கை ஒரு விதிவிலக்கு. ஒருவர் எழுந்து போனபின் விரிப்பும் போர்வையும் சுருண்டு கிடக்கும் படுக்கையை ‘டிஷெவல்டு’ என்று நல்ல எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். மனித உடல் கிடந்து எழுந்த தடம் அதில் இருப்பதால் சொல் அங்கே வரை நீளும். சில நேரங்களில் தோட்டத்தையும் பழைய வீட்டையும் அப்படி எழுதுவதைக் காணலாம். அவை உருவகங்கள், அந்த வீட்டை எழுத்தாளர் ஓர் ஆளாகப் பார்க்கிறார் என்று பொருள். கற்கும் நிலையில் உள்ளவர் உருவகத்தைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது.

இச்சொல் எந்த வகை எழுத்தில் மிகுதியாக வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அன்றாடப் பேச்சில் ஒருவர் மற்றவரைப் பார்த்து ‘யூ லுக் டிஷெவல்டு’ என்று சொல்வது குறைவு. சொன்னால் சற்றே புத்தகத் தொனி கேட்கும். பேச்சில் ‘யுவர் ஹேர் இஸ் எ மெஸ்’ என்று முடித்துவிடுவார்கள். புனைகதையிலும் செய்தியிலும் காவல்துறைக் குறிப்புகளிலும்தான் ‘டிஷெவல்டு’ தன் வீட்டில் இருக்கிறது. செய்திகளில் அது தனியாக வருவதைவிட வேறொரு பெயரடையோடு இணைந்து வருவதே அதிகம்: களைப்போடு ‘டயர்டு அண்ட் டிஷெவல்டு’, திகைப்போடு ‘டேஸ்டு அண்ட் டிஷெவல்டு’. உள்ளே நடந்ததை முதற்சொல்லும் வெளியே தெரிந்ததை இரண்டாம் சொல்லும் பகிர்ந்துகொள்கின்றன.

மனநல மருத்துவத்தில் இச்சொல்லுக்கு ஏறத்தாழக் கலைச்சொல்லின் மதிப்பு உண்டு. நோயாளியின் மனநிலையைப் பரிசோதித்து எழுதும் குறிப்பு அவருடைய தோற்றத்தையும் நடத்தையையும் பதிவதில் தொடங்குகிறது. தலை, உடை, நகம், உடல் தூய்மை ஆகியவற்றைப் பார்த்து, நன்கு பேணப்பட்டவர் என்றோ ‘டிஷெவல்டு’ என்றோ மருத்துவர் எழுதுவார். கடுமையான மனச்சோர்விலும், மனச்சிதைவிலும், முதுமை மறதியிலும் ஒருவர் தம்மைத் தாமே பேணிக்கொள்வது குறைந்துவிடும் என்பதால் அந்தக் குறிப்புக்கு மருத்துவப் பயன் உண்டு. நிகழ்ச்சியின் தடம் என்று மேலே நான் சொன்னது இங்கே சற்று நெகிழ்ந்துபோகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; மருத்துவர் எழுதும் ‘டிஷெவல்டு’ பல நேரங்களில் ‘அன்கெம்ப்ட்’ என்பதன் எல்லைக்குள் போய்விடுகிறது. இருந்தாலும் பழிச்சொல் இல்லாமல் தோற்றத்தை மட்டும் பதிவு செய்கிறது என்ற காரணத்தால்தான் அத்துறை இச்சொல்லை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று எண்ணுகிறேன். ‘ஸ்லவென்லி’ என்று ஒரு மருத்துவக் குறிப்பில் எழுதினால் அது நோயாளியை அவமதிப்பதாகும்.

கலைந்த தோற்றத்தை விரும்பியே வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 2019 முதல் 2022 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனின் தலைமுடியைப் பற்றி எழுதும்போது ஆங்கில நாளிதழ்கள் சலிக்காமல் கையாண்ட சொற்களுள் இதுவும் ஒன்று. அது தற்செயலா திட்டமா என்ற விவாதமும் கூடவே நடந்தது. அந்த விவாதம் எழுவதற்கே இச்சொல்தான் இடம் தருகிறது என்பது என் எண்ணம். ஏதோ நடந்து கலைந்திருக்கிறது என்று சொல் உணர்த்துகிறது. எதுவும் நடக்காத நாளிலும் தலை அப்படியே இருந்தால் பார்ப்பவருக்கு ஐயம் வராமல் எப்படி இருக்கும்? திட்டமிட்ட கலைவைக் குறிக்க ‘ஆர்ட்ஃபுல்லி டிஷெவல்டு’ என்ற தொடர் உண்டு. அலங்கார நிலையத்தில் நெடுநேரம் செலவிட்டு, இப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல் அமைத்துக்கொண்ட தலைக்கு அது பொருந்தும். அதில் மெல்லிய கிண்டலும் இருக்கும்.

இலக்கணத்தைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது அதிகமில்லை. பெயருக்கு முன்னும் வரும், ‘லுக்’, ‘பி’ போன்ற வினைகளுக்குப் பின்னும் வரும். ‘ஹி அரைவ்டு டிஷெவல்டு’ என்பதுபோல் வந்து சேர்ந்தபோது இருந்த நிலையைச் சொல்ல வினைக்குப் பின்னால் தனியாகவும் நிற்கும். உங்கள் வாக்கியம் மாறிப் பொருள்பட்டது இந்த அமைப்பினால்தான். சற்று என்பதற்கு ‘ஸ்லைட்லி’, முற்றிலும் என்பதற்கு ‘கம்ப்ளீட்லி’ முதலியன முன்னால் சேரும். ‘டிஷெவல்மென்ட்’ என்ற பெயர்ச்சொல் இருக்கிறது, ஆனால் இலக்கிய நடைக்கு உரியது. ‘டிஷெவல்’ என்ற வினை பெயரடை வழக்கத்துக்கு வந்த பிறகு அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. காற்று முடியைக் கலைத்தது என்று எழுத அதைப் பயன்படுத்தினால் தவறில்லை என்றாலும் ‘ரஃபிள்டு’ என்பதே இயல்பாக இருக்கும். முன்னொட்டை நீக்கிவிட்டு ‘ஷெவல்டு’ என்று ஓர் எதிர்ச்சொல்லை உருவாக்கிக்கொள்ள முடியாது. எதிர்ப்பொருளுக்கு ‘நீட்’ அல்லது ‘வெல்-க்ரூம்டு’ என்று எழுதுங்கள்.

தமிழாக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் தொடங்கியதே அங்கேதான். பெரும்பாலான இடங்களில் ‘கலைந்த’ என்ற எளிய சொல்லே மிகச் சரியானது. கலைவதற்கு முன்னால் ஓர் ஒழுங்கு இருந்தது என்பதைக் ‘கலைதல்’ என்ற வினை தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. மேகம் கலைவதும் கூட்டம் கலைவதும் வேடம் கலைவதும் அப்படித்தான். தலையும் உடையும் சேர்ந்தே வந்தால் ‘தலை கலைந்து, உடை குலைந்து’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது, ஒரே சொல்லைத் தேடி அலைவதைவிட நன்றாக அமையும். ‘பரட்டைத் தலை’ என்பதை ‘அன்கெம்ப்ட்’ என்பதற்கும், ‘கசங்கிய’ என்பதை ‘ரம்பிள்டு’ என்பதற்கும் ஒதுக்கிவிடலாம். வேர்ப்பொருளில் மிக அருகே நிற்பது நம்முடைய ‘தலைவிரிகோலம்’. இரண்டு மொழிகளும் தனித்தனியே தலைமுடியிலிருந்து தொடங்கி முழுத் தோற்றத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் தமிழில் அச்சொல்லுக்குத் துயரத்தின், சினத்தின் கனம் மிகுதி. பாண்டியன் அவையில் விரித்த கருங்குழலோடு நின்ற கண்ணகியின் உருவம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் நிற்கிறது. ஆகவே கணவனை இழந்து கதறி ஓடிவரும் ஒரு பெண்ணைப் பற்றிய ஆங்கில வரியில் ‘டிஷெவல்டு’ வந்தால் ‘தலைவிரிகோலமாக’ என்று துணிந்து எழுதலாம். விமானத்திலிருந்து இறங்கிவரும் களைத்த அலுவலருக்கு அதை எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார். ‘கலைந்த தோற்றத்தோடு’ என்பது அவருக்குப் போதும். மில்டனின் ஏவாளுக்கோ இவை எதுவும் பொருந்தா; ‘அவிழ்ந்து இடைவரை வழிந்த கூந்தல்’ என்றுதான் எழுத வேண்டும்.